மெட்டியில் கட்டிய ஒயர்

எனக்குச் சும்மா இருக்க வராது. உட்கார்ந்தால் கால் ஆடும், படுத்தால் கை எதையாவது நிமிண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் செக்கிங்கில் இருந்தேன். ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே ஓட்டை விழுந்த மூடி, கோணல் மூடிகளைப் பொறுக்கிப் போட வேண்டும். மற்ற பெண்கள் கால் கடுக்கிறது என்று ஸ்டூல் கேட்டுச் சூப்பர்வைசரிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது, எனக்கு ஸ்டூல் வேண்டாம் சார் என்று முந்திரிக்கொட்டையாகச் சொல்லி அவர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வயிறு மேஜையில் இடிக்கிற மாதம் வரைக்கும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

அப்படிப்பட்டவளை மல்லாக்கப் போட்டு, தலையணையை உருவிக்கொண்டு, தலையைத் தூக்காதே, புரளாதே என்று சொல்லிவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? சுகப்பிரசவம் ஆகும் என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். வலி எடுத்துப் பாதியில், குழந்தையின் துடிப்பு இறங்குகிறது என்று அவசரமாக முதுகில் ஊசி குத்தி அறுத்தார்கள். பெண் குழந்தை. காட்டினார்கள். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்ப்பதற்குள் துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள். முழுசாகப் பார்க்கவிடவில்லையே என்று அப்போதே எனக்குக் கோபம்.

அந்த நர்சிங் ஹோம் பெரிய சாலையை ஒட்டி இருந்தது. சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்த வருடங்கள் அவை. ஒரு பக்கம் தோண்டிப் போட்டிருந்தார்கள், மறு பக்கத்தில் ஆந்திரா லாரிகளெல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு போகும். ஒவ்வொரு லாரியும் கட்டிலை ஒரு தரம் அசைத்துவிட்டுப் போகும். அந்த அசைவு இரும்புக் காலில் ஏறி நேராக என் தையலுக்கு வந்து சேரும். வெளியே ஹாரன் சத்தம் கேட்டாலே வயிற்றை இறுக்கிக்கொண்டு காத்திருக்கப் பழகிவிட்டேன். இறுக்கினால் அதுவும் வலித்தது.

துணைக்கு இருந்தது என் அக்கா. அம்மா இல்லாத வீடு எங்களுடையது. பேறு பார்ப்பது, பத்தியம் பார்ப்பது எல்லாம் அவள் தலையில்தான். நல்லவள், ஆனால் பயந்தாங்கொள்ளி. யார் எதைச் சொல்லிப் பயமுறுத்தினாலும் பயப்படுவாள். சொன்னவர் போன பிறகும் விடாமல் பயந்துகொண்டிருப்பாள்.

வலிக்குப் போட்ட ஊசி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வலி கொஞ்சம் அடங்கும். உடனே வாந்தி பிடித்துக்கொள்ளும். புதிதாக அறுத்துத் தைத்த வயிற்றோடு வாந்தி எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், வலியே தேவலை என்று. ஊசியை நிறுத்தினார்கள். மாத்திரை போதவில்லை. குழந்தையைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை. நர்ஸ் என்னைப் பிடித்துப் புரட்டினாள். நான் போட்ட சத்தத்தில் குழந்தையும் அலறியது. மேலே தூக்கி வைத்தால் அவள் உதைக்கிற உதை சரியாகத் தையலில் விழுந்தது. பசியில் கத்துகிறாள் என்று அக்கா பவுடர் பாலைக் கரைத்துப் பாலாடையில் ஊற்றிக் கொடுத்தாள்.

டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டுக் கறாராகச் சொன்னார். சப்ப வைத்தால்தான் பால் ஊறும். பாலாடைக்குப் பழகிவிட்டால் பிறகு குழந்தை மார்பைப் பிடிக்காது. எப்படியாவது எழுந்து உட்கார், பிள்ளையைப் போடு. அவர் போனதும் என் தலைக்குள் அது ஒன்றுதான் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் பழகிவிடுவாள், என்னை வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். ஒவ்வொரு தரம் அக்கா பாலாடையைக் கழுவும் சத்தம் கேட்கும்போதும் எனக்கு அழுகையாக வந்தது. அழுதாலும் தையல் இழுத்தது.

வாந்தியும் வேண்டாம் வலியும் வேண்டாம் என்றால் மெஷின் வைத்துப் பார்க்கலாம் என்று டாக்டரம்மாதான் பிசியோதெரபிப் பெண்ணை அனுப்பினார். பொன்னேரியிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற பெண், என்னைவிடச் சின்னவள். கம்பெனிகளில் மூட்டை தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டவர்களுக்கும் முட்டி வலிக்காரர்களுக்கும்தான் அதிகம் வைப்பாளாம். பிள்ளை பெற்றவளுக்கு வைப்பது அவளுக்கே புதுசு. ஆனாலும் முகத்தில் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

கைக்குள் அடங்குகிற ஒரு பெட்டி. அதிலிருந்து மெல்லிய ஒயர்கள். ஒயர் முனையில் கறுப்பு ரப்பர் பட்டைகள். பட்டைகளில் ஜில்லென்று ஜெல்லியைத் தடவி, கட்டுக்கு மேலும் கீழும் வைத்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, தெரியுதாக்கா, தெரியுதாக்கா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு எறும்பு ஊர்கிற மாதிரி. அப்புறம் எங்கள் கம்பெனியில் மெஷின் மேல் கையை ஊன்றி நின்றால் கைக்குள் ஓடுமே ஒரு அதிர்வு, அது வயிற்றுக்குள் ஓடியது. ஒரு லாரி போனது. கட்டில் அசைந்தது. வலி எங்கோ பக்கத்து அறையில் கேட்கிற சண்டை மாதிரி கேட்டது.

அவள் இன்னொன்றும் சொன்னாள். இது தையல் வலிக்குத்தான். குழந்தை பால் குடிக்கும்போது கர்ப்பப்பை சுருங்கும், அது உள்ளே இழுத்துப் பிடிக்கிற வலி. அந்த வலி இந்த மெஷினுக்கு அவ்வளவாக அடங்காது, அப்போது பயப்படாதீங்க என்றாள். அதையெல்லாம் கேட்கிற பொறுமை எனக்கு இல்லை. நான் ஒருக்களித்திருந்தேன். அறுத்த பிறகு முதல்முறையாக, நானே, யாரும் பிடிக்காமல் ஒருக்களித்திருந்தேன். குழந்தையைக் கொடு என்று கையை நீட்டினேன்.

அக்கா தூக்கிக்கொண்டு வந்தாள். அப்போதுதான் வாசலில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் குறுக்கே கையை நீட்டினார்.

"அக்கா, கிட்ட போவாத. ஒடம்புல கரண்டு ஓடிக்கினு கீது."

என் வீட்டுக்காரர் இரும்புக் கம்பி உருட்டுகிற மில்லில் எலக்ட்ரீஷியன். ஷிப்ட் முடிந்து அப்படியே காக்கிச் சட்டையோடு வந்திருந்தார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, இது பேட்டரிதான் அண்ணா என்று மெஷினை அணைத்துப் பின்பக்கத்தைத் திறந்து காட்டினாள். அவர் பேட்டரியை வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் சுளித்தது. கீது, என்றார். பேட்டரி என்றால் இருக்கத்தானே செய்யும் என்று அவள் கேட்டாள். சரி, மெஷினை எடுத்துவிட்டோமே, இப்போது குழந்தையைக் கொடுங்கள் என்று நான் கேட்டேன். அதற்கும் மாட்டேன் என்றார். எடுத்தாலும் உடம்பில் தங்கும் என்றார்.

இங்கேதான் அந்த மில் வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டது. மில்லில் கெப்பாசிட்டர் என்று டப்பா டப்பாவாக இருக்கும். மெயினை ஆஃப் செய்த பிறகும் கரண்டை வயிற்றில் அடக்கி வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும். அதனால் ஆஃப் செய்ததும் யாரும் தொடமாட்டார்கள். கழியில் கட்டிய ஒயரால் கரண்டைத் தரைக்கு இறக்குவார்கள். அவர்கள் பாஷையில் எர்த் பண்ணுவது. அதற்குப் பிறகும் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேலை. உள்ளங்கையால் தொட்டால் கை தானாக மூடிப் பிடித்துக்கொள்ளும், விடாது. புறங்கை என்றால் உதறிக்கொண்டு வந்துவிடும். கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்க்கிறேன், ஃபிரிட்ஜ், மோட்டார், கிரைண்டர், எல்லாவற்றையும் புறங்கையால்தான் தொடுவார். எனக்குக் காய்ச்சல் அடித்தாலும் நெற்றியில் வைப்பது புறங்கைதான். அதை நான் கேலி செய்யாத நாள் கிடையாது.

இப்போது கேலி வரவில்லை. எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. நான் என்ன கெப்பாசிட்டரா என்று கத்தினேன். கத்தியது வயிற்றில் பிடித்துக்கொண்டது. அக்கா உடனே அவர் கட்சிக்குப் போய்விட்டாள். இருக்கட்டும்டி, புள்ள சமாச்சாரம், பால்ல எறங்கிட்டா இன்னா பண்ணுவ என்றாள். பாலில் கரண்ட் இறங்கும் என்று அவர்கூடச் சொல்லவில்லை. அது அக்கா தானாகச் சேர்த்துக்கொண்டது.

அதிலிருந்து ஆரம்பித்தது பேஜாரு. மெஷின் வைத்தால் என்னால் உட்கார முடியும், குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள முடியும். ஆனால் மெஷின் வைத்ததும் அவர் குழந்தையோடு அக்காவைத் தாழ்வாரத்துக்கு அனுப்பிவிடுவார். மெஷினை எடுத்து நெடுநேரம் ஆன பிறகு, போனால் போகிறதென்று கொண்டுவருவார்கள். அதற்குள் வலி திரும்பிவந்து நான் கட்டிலோடு கட்டிலாகக் கிடப்பேன். மார்பில் வைப்பார்கள். அவளும் கத்துவாள், நானும் கத்துவேன். அக்கா பாலாடையைத் தேடுவாள். டாக்டரம்மாவும் அவரிடம் சொல்லிப் பார்த்தார். இவர் கையைக் கட்டிக்கொண்டு சரிங்க மேடம், சரிங்க மேடம் என்று தலையாட்டினார். டாக்டரம்மா போனதும் பழையபடிதான். மில்லில் இன்ஜினியர்கள் வந்து லைன் இல்லப்பா, கரண்டு ஓடல, தொடு என்று சொல்லும்போதும் இதே மாதிரி தலையாட்டுவாராம், ஆனால் தொடமாட்டாராம்.

எனக்குப் பால் கட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் கல்லாகி, கையை உடம்போடு சேர்த்து வைக்க முடியவில்லை. உடம்பு சுட்டது. ஜன்னல் கம்பிகளை எண்ணினேன், மின்விசிறியின் எந்த இறக்கையில் அழுக்கு அதிகம் என்று பார்த்தேன், போர்வையின் நூலைப் பிரித்தெடுத்தேன். மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. வேலைக்குப் போகச் சொன்னால் அவர் போகவும் இல்லை, லீவு போட்டுவிட்டுக் காவல் நின்றார். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலையில் நாஷ்டா வாங்கப் போனவர் இட்லிப் பொட்டலத்தோடு ஒரு சுருள் பச்சை ஒயரும் வாங்கிவந்தார். என் கால்மாட்டில் உட்கார்ந்தார். ஒயரின் முனையைச் சீவி, என் மெட்டியில் சுற்றி முறுக்கினார். இன்னொரு முனையைக் கட்டில் கால் வழியாகக் கொண்டுபோய்க் குளியலறை இரும்புக் குழாயில் கட்டினார். எர்த். இனி மெஷின் வைக்கும்போதே எல்லாம் தரைக்கு இறங்கிவிடும், எடுத்த கொஞ்ச நேரத்தில் பிள்ளையைத் தரலாம் என்றார். எனக்கு ஏதோ பெரிய உபகாரம் செய்த மாதிரி முகம். பக்கத்து அறைக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிசியோதெரபிப் பெண் வந்தாள், குனிந்து ஒயரைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பைப்போல் தையலுக்கு விரோதி வேறில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, அது அழுகையில் போய் முடிந்தது.

அவள் பட்டைகளை ஒட்டிவிட்டு, பெட்டியை என் நைட்டிப் பையில் போட்டாள். ஓடுகிறபோதே எழுந்து நடங்க அக்கா, அதற்குத்தான் இது என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல் வெளியேறினாள். அவரும் பின்னாலேயே போனார்.

தாழ்வாரத்தில் குழந்தை அழ ஆரம்பித்தது. அழுகை கேட்டதும் என் நைட்டி நனைந்தது. நான் கேட்காமலே, யாரும் சப்பாமலே பால் வழிந்தது. அதற்குமேல் என்னால் படுத்திருக்க முடியவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். வயிற்றில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தையல் இழுத்தது, ஆனால் தாங்குகிற இழுப்புதான். காலைத் தரையில் வைத்தேன். நின்றேன். எத்தனையோ நாள் கழித்து நிற்கிற மாதிரி இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தேன். கதவுக்குக் கை எட்டுகிற இடத்தில் கால் விரல் சுரீரென்று இழுத்து நின்றது.

மெட்டியில் கட்டிய ஒயர். குனிந்து அவிழ்க்க முடியாது, வயிற்றில் கட்டு. உதறினால் விரல் அறுந்துவிடும்போல் இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளை கத்துகிறாள், இந்தப் பக்கம் நான் கட்டிப்போட்ட மாடு. வாழ்க்கையில் அப்படி ஒரு ஆத்திரம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. கதவை ஓங்கி அறைந்தேன். அவர் ஓடிவந்தார்.

அவிழ்க்கச் சொன்னேன். மெஷின் ஓடுகிறது, இப்போது அவிழ்க்கமாட்டேன் என்றார். யாரிடமிருந்து யாரைக் காப்பாற்றுகிறாய் என்று கேட்டேன். டாக்டரம்மா சொன்னால் நம்பவில்லை, படித்த பெண் பிரித்துக் காட்டினாலும் நம்பவில்லை, அப்புறம் யார் சொன்னால்தான் நம்புவாய் என்று கேட்டேன். அவர் என் காலடியில் ஒயரைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"செத்துப்போனானே எங்க செட்டுல, அவன் கேட்டான். லைன் கீதான்னு. ஆஃப் பண்ட்டேன், தொடுன்னு நான்தான் சொன்னேன்."

அந்த ஆள் மில்லில் ஷாக் அடித்துச் செத்தது எனக்குத் தெரியும். எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிது. இருவரும்தான் சாவுக்குப் போனோம். செத்தவர் மனைவி தரையில் விழுந்து புரண்டதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தும் இவர் சோறு தின்னவில்லை. பாவம், நண்பன் போன துக்கம் என்று நினைத்திருந்தேன். தொடு என்று சொன்னது இவர் என்று எனக்குத் தெரியாது. இத்தனை நாள் ஒரே தலையணையில் படுத்திருக்கிறோம், சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த ஆத்திரம் அப்படியே நின்றுவிட்டது. போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பிள்ளை இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தாள்.

எழுந்திரு என்றேன். எழுந்தார். என்னைத் தொட்டுப் பார் என்றேன். வழக்கம்போல் புறங்கை வந்தது, என் தோளில் பட்டும் படாமலும். ஒன்றுமில்லை என்றார். ஆனாலும் கண்ணில் நம்பிக்கை இல்லை. உதறிக்கொண்டு வரத் தயாராக இருக்கிற கை அது.

"இப்ப நான் சொல்றேன்யா. லைன் இல்ல. உள்ளங்கையால தொடு."

மெஷின் என் பையில் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கும் அது தெரியும். கையைத் திருப்பினார். காப்புக் காய்த்த உள்ளங்கை, எண்ணெய்க் கறுப்பு போகாத ரேகை. பாதி வழியில் நின்றது. அவர் யோசித்து முடிக்கிறவரை காத்திருக்கிற ஆள் இல்லை நான். கையைப் பிடித்து என் நெஞ்சில், பிள்ளையின் வாய் படப்போகிற இடத்தில் அழுத்தி வைத்தேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒரு லாரி போனது. ஜன்னல் அதிர்ந்தது. பிறகு கண்ணைத் திறந்து, கையை எடுத்துப் பார்த்தார். உள்ளங்கை முழுக்கப் பால்.

அதைத் துடைக்கக்கூட இல்லை. குனிந்து மெட்டியிலிருந்து ஒயரை அவிழ்த்தார். தாழ்வாரத்துக்குப் போய் அக்காவிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்தார். அக்கா பாலாடையோடு பின்னால் ஓடிவந்து, மெஷின் இன்னும் ஓடுது தம்பி, ஓடுது தம்பி என்று புலம்பினாள். அவர் என்னைக் கட்டிலில் உட்காரவைத்துப் பிள்ளையை மடியில் போட்டார்.

அவள் பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தினாள். மறுபடி வைத்தேன், மறுபடி திருப்பினாள். நான் பயந்தது நடந்துவிட்டது, என்னை வேண்டாம் என்று சொல்கிறாள். அப்போது அக்காதான் முன்னால் வந்தாள். ஓடுகிற மெஷினைப் பயத்தோடு ஒரு தரம் பார்த்தாள். பிறகு பாலாடையைச் சாய்த்து, என் மார்பின்மேல் சொட்டுச் சொட்டாக விட்டாள். பழகின ருசி உதட்டில் பட்டதும் குழந்தை நக்கியது. இன்னும் ஒரு சொட்டு. வாயைத் திறந்தது. கப்பென்று பிடித்தது.

அடுத்த நொடி அடிவயிற்றுக்குள் யாரோ துணியைப் பிழிகிற மாதிரி ஒரு வலி. அம்மா என்று கத்திவிட்டேன். அவர் பாய்ந்துவந்து பிள்ளையைப் பறிக்கக் கையை நீட்டினார். ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்துவிட்டார். அவர் மணிக்கட்டை நான் பிடித்துக்கொண்டேன். தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்றேன். இது கரண்ட் இல்லை, அந்தப் பெண் சொன்ன வலி, பிள்ளை குடித்தால்தான் வருகிற வலி, மெஷினுக்கு அடங்காத வலி என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அவள் தொண்டையில் மடக் மடக்கென்று சத்தம் கேட்டது. இன்னொரு தரம் இழுத்தாள், வயிறு சுருண்டு பிடித்தது. நான் அவர் கையை நசுக்கிக்கொண்டு, இழுடி, இன்னும் நல்லா இழு என்று அவளிடம் சொன்னேன்.